ஸ்பிளாஷ் ஸ்கிரீன் மற்ற விண்டோக்களுக்கு மேலேயே நிற்க வேண்டுமா?

பில்லிங் தம்பி, அண்ணாநகர்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் கூட்டாளியும் சேர்ந்து கமிஷன் மண்டிகளுக்கும் சின்ன ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறோம். மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரக் கடைகள்தான். சி ஷார்ப் நிரல் மொழியில், விண்டோக்கள் உருவாக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் நூலகத்தை வைத்து எழுதியது.

புரோகிராமைத் திறந்ததும் டேட்டாபேஸ், பில் பிரிண்டர், எடைத் தராசு இணைந்திருக்கும் போர்ட் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். புதுக் கணினியில் இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும். ஹார்டு டிஸ்க் போட்ட பழைய கணினியில் கால் நிமிடம்கூட இழுக்கும். அந்த நேரத்துக்கு ஒரு ஸ்பிளாஷ் ஸ்கிரீன் வைத்திருக்கிறோம். கடையின் பெயர், எங்கள் லோகோ, கீழே என்ன நடக்கிறது என்று ஒரு வரி.

அடுத்த பதிப்பில் அதை டாப்மோஸ்ட் ஆக்க வேண்டும் என்கிறான் கூட்டாளி. அதாவது வேறு எந்த விண்டோவைக் கிளிக் செய்தாலும் லோகோ பின்னால் போகாது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரை கடைக்காரருடையது, அதில் எது மேலே இருக்க வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவன் சொல்லும் காரணமும் தள்ளிவிடக்கூடியது அல்ல. லோகோ கண்ணில் படாவிட்டால் கடைப்பையன் திரும்பத் திரும்ப ஐகானைத் தட்டுகிறான். கணினியில் வேலை பார்க்கிறவர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் இரண்டு பக்கமும் சொல்லுங்கள்.

மேலமாசி வீதி டிடிபி:

தம்பி, தயவுசெய்து வைக்காதீர்கள்.

நான் கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் எல்லாம் வடிவமைக்கிறவள். மேட்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. காலையில் கடையைத் திறந்ததும் பக்க வடிவமைப்புக்கு ஒன்று, படம் திருத்த ஒன்று என இரண்டு மென்பொருளையும் திறந்துவிட்டு, அவை ஏறி முடிக்கும்வரை மேட்டரைப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருக்கிறதா, பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்கு முன்னால் வந்திருக்கிறதா, முகூர்த்த நேரமும் தேதியும் கிழமையும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா, எல்லாம் அந்த இடைவெளியில்தான் பார்ப்பேன். பத்திரிகையில் ஒரு பெயர் முன்பின் ஆனால் மண்டபத்தில் பேச்சு முற்றிவிடும். அச்சான பிறகு எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு படம் நடுத்திரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இழுத்தால் நகராது. சுருக்குவதற்கு மேலே பட்டன் கிடையாது. வாட்ஸ்அப் விண்டோவைக் கிளிக் செய்தால் அது உயிரோடுதான் இருக்கிறது, தட்டினால் எழுத்து விழுகிறது, ஆனால் என்ன விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எங்கள் கடைக் கணினியில் தமிழ் எழுத்துருக்கள் ஏராளம். யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில் செய்த பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு பார்ட்டி எப்போது வருவார் என்று சொல்ல முடியாது, அதனால் எதையும் நீக்க வழியில்லை. எழுத்துரு கூடக்கூட அந்தப் படமும் அதிக நேரம் நிற்கிறது.

காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பேன். காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று சொல்ல எந்தப் புரோகிராமுக்கும் உரிமை கிடையாது.

ஒத்தக்கடை சர்வீஸ்:

கூட்டாளி பக்கம் நான் பேசுகிறேன். கணினி சரிபார்க்கிறவன், அதனால் கடைகளில் நேரடியாகப் பார்ப்பதைச் சொல்கிறேன்.

டிடிபி அக்கா நாள் முழுக்கக் கணினியில் இருக்கிறவர். ஒரே நேரத்தில் நாலு விண்டோ அவருக்குப் பழக்கம். மளிகைக் கடை பில் மேசையில் உட்காரும் பையன் அப்படி இல்லை. ஐகானைத் தட்டுவான், ஒன்றும் வரவில்லை என்றால் மறுபடி தட்டுவான். லோகோ வந்து, பின்னால் திறந்திருந்த யூடியூப் விண்டோவைத் தெரியாமல் தொட்டுவிட்டால் லோகோ மறைந்துவிடும். உடனே 'ஓப்பன் ஆகல அண்ணே' என்று எனக்கு போன் வரும். போய்ப் பார்த்தால் டாஸ்க் மேனேஜரில் ஒரே புரோகிராம் மூன்று நான்கு தடவை ஓடிக்கொண்டிருக்கும். சில பில்லிங் மென்பொருளில் அப்படி ஓடினால் டேட்டா ஃபைல் பூட்டிக்கொள்கிறது. வெயில் காலத்தில் கரண்ட் போய் வந்தால் கடையில் எல்லாமே ஒன்றாகத் திறக்கும், அப்போது இன்னும் மோசம்.

லோகோ மேலேயே நின்றால் இந்தப் பிரச்சினை இல்லை. பையன் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பான். பத்து நொடிதானே, அதில் யாருக்கு என்ன போய்விடும்?

வடபழஞ்சி நிரலாளர்:

சர்வீஸ் அண்ணே, நீங்கள் சொல்லும் நோய் உண்மையானது. மருந்துதான் வேறு.

புரோகிராம் இரண்டு தடவை ஓடக் கூடாது என்றால் அதை நேரடியாகத் தடுக்கலாம். தொடங்கும்போதே பெயரிட்ட ஒரு மியூடெக்ஸ், அதாவது 'நான் ஏற்கெனவே ஓடுகிறேன்' என்று சிஸ்டத்தில் வைக்கும் ஒரு அடையாளம், எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது தடவை தட்டும்போது அந்த மியூடெக்ஸ் ஏற்கெனவே இருப்பது தெரியும். உடனே இரண்டாவது பிரதி, முதல் பிரதியின் விண்டோவை முன்னால் கொண்டுவந்துவிட்டுத் தான் மூடிக்கொள்ளும். பையன் எத்தனை தடவை தட்டினாலும் ஒரே புரோகிராம், ஒவ்வொரு தட்டுக்கும் லோகோ கண்முன்னால் வரும். அவன் கேட்டது அதுதானே. டேட்டா ஃபைல் பூட்டிக்கொள்வதை ஒரு படத்தை மேலே நிறுத்தித் தடுக்க நினைப்பது சரியாக வராது. லோகோ மேலே இருக்கும்போதும் பக்கத்தில் ஐகான் தெரிந்தால் தட்டத்தான் செய்வான்.

இப்போது டாப்மோஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். விண்டோஸில் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு வரிசையில் இருக்கின்றன. டாப்மோஸ்ட் என்று குறித்தவை எல்லாம் சாதாரண விண்டோக்கள் அனைத்துக்கும் மேலே தனி அடுக்கு. நீங்கள் கீழே இருப்பதைக் கிளிக் செய்தால் கீபோர்டு அதற்குப் போகும், ஆனால் அது தன் அடுக்கைத் தாண்டி மேலே வராது. டிடிபி அக்கா சொன்ன 'எழுத்து விழுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை' இதனால்தான். இரண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் டாப்மோஸ்ட் கேட்டால் அந்த மேல் அடுக்குக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்ட கதைதான். எல்லோரும் மேலே என்றால் யாரும் மேலே இல்லை.

அப்புறம், பத்து நொடிதானே என்கிறீர்கள். மென்பொருள் பயன்பாட்டு வல்லுநர் ஜேகப் நீல்சன் 1993-ல் எழுதிய மூன்று எல்லைகள் இன்றும் இந்தத் துறையில் எடுத்துக்காட்டப்படுகின்றன: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 நொடிதான் கவனத்தை ஒரே இடத்தில் பிடித்துவைக்கக்கூடிய கடைசி எல்லை. அதைத் தாண்டினால் ஆட்கள் வேறு வேலைக்குப் போக விரும்புவார்கள். தம்பியின் புரோகிராம் பழைய கணினியில் கால் நிமிடம் எடுக்கிறது. ஆள் வேறு வேலைக்குப் போகத் தொடங்கும் அந்த இடத்தில்தான் நாம் திரையை மறித்துக்கொண்டு நிற்கப் போகிறோம்.

கோரிப்பாளையம் மாணவன்:

ஃபோனில் எல்லா ஆப்பும் முழுத்திரையில் லோகோ காட்டித்தானே திறக்கிறது? அங்கே யாரும் குறை சொல்வதில்லையே சார்?

வடபழஞ்சி நிரலாளர்:

ஃபோனில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் திரையில் இருக்கிறது. அது மறைப்பதற்குப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் அந்தத் தொடக்கத் திரையைச் சிஸ்டமே எல்லா ஆப்புக்கும் காட்டுகிறது. ஆப்பிளின் வழிகாட்டுதலோ, அது முதல் பக்கத்தைப் போலவே இருக்க வேண்டும், விளம்பரம் போல இருக்கக் கூடாது என்கிறது. ஃபோனிலும் முகப்புக்குப் போகும் சைகை செய்தால் லோகோ போய்விடும், தம்பி. ஆளைப் பிடித்துவைப்பதில்லை.

டெஸ்க்டாப்புக்கு மைக்ரோசாஃப்ட் எழுதிய வழிகாட்டுதலும் இதையொட்டியதுதான். பிராண்டைக் காட்டுவதற்காக ஸ்பிளாஷ் ஸ்கிரீன் வைக்காதீர்கள், உங்கள் புரோகிராம் மெதுவானது என்ற எண்ணம்தான் மிஞ்சும், வழக்கத்துக்கு மாறாக அதிக நேரம் எடுத்தால் மட்டும் வையுங்கள் என்று சொல்கிறார்கள்.

மாட்டுத்தாவணி பூச்சந்தைக் கணக்கு:

இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு வியாபாரம் விடிகாலையில். மல்லிகை ஒரு மணி நேரம் தாமதித்தாலும் விலை இறங்கும், மொட்டு விரிந்துவிட்டால் வாங்க ஆள் இல்லை.

வேறு ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் வைத்திருந்தோம். யார் என்று சொல்ல வேண்டாம். அதில் லோகோ எல்லாவற்றுக்கும் மேலேதான் நிற்கும். ஒரு நாள் மேசையைத் துடைத்தவர் தராசின் வயரைக் கழற்றி வேறு யுஎஸ்பி ஓட்டையில் மாட்டிவிட்டார். காலையில் புரோகிராமைத் திறந்தால் லோகோ வந்து அப்படியே நிற்கிறது. போகவே இல்லை. கணினியை அணைத்துப் போட்டோம், மறுபடியும் அதே கதி. வாசலில் சாக்கும் கூடையுமாக விவசாயிகள் நிற்கிறார்கள். துண்டுச் சீட்டில் எடையை எழுதி அன்றைய வியாபாரத்தை ஓட்டினோம். எந்தச் சீட்டு யாருடையது என்று மதியம்வரை பிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் வந்து பார்த்த பையன் லோகோவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தான். 'காம் 3 கிடைக்கவில்லை' என்று எழுதி, கீழே ஓகே பட்டன். நாங்கள் ஓகே அடிப்பதற்காக அது காத்திருக்கிறது. அது பட்டனை அடிக்கச் சொல்வது தெரியாமல் நாங்கள் காத்திருக்கிறோம். கேள்வி கேட்டதும் அதே புரோகிராம், கேள்வியை மறைத்ததும் அதே புரோகிராம்.

வடபழஞ்சி நிரலாளர்:

அண்ணே, இந்த விவாதத்தில் முக்கியமான பதிவு உங்களுடையதுதான். தம்பியின் புரோகிராமும் அதே டேட்டாபேஸ், பிரிண்டர், தராசைத்தான் சரிபார்க்கிறது. அதனால் உள்ளே நடப்பதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தராசை இணைக்கும், யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் வயரை வேறு ஓட்டையில் மாட்டினால் விண்டோஸ் அதற்குப் புதிய காம் எண், அதாவது புதிய போர்ட் எண், கொடுத்துவிடுவது உண்டு. பழைய எண்ணைத் தேடும் புரோகிராம் பிழைச் செய்தி காட்டும். இதுவரை எல்லாம் சரி. ஆனால் ஸ்பிளாஷ் ஸ்கிரீனைப் பெரும்பாலும் தனி திரெடில் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக நடக்கும் தனி ஓட்டத்தில்) ஓட்டுவார்கள், அப்போதுதான் அதிலுள்ள வரி நிற்காமல் மாறும். பிழைச் செய்தி வருவதோ முதன்மைத் திரெடிலிருந்து. விண்டோஸ் ஃபார்ம்ஸில் உரிமையாளர் விண்டோ எது என்று சொல்லாமல் மெசேஜ் பாக்ஸ் காட்டினால், தன் திரெடில் செயலில் உள்ள விண்டோவைத்தான் அது உரிமையாளராக எடுத்துக்கொள்ளும். அங்கே இன்னும் எதுவும் திறக்கவில்லை. ஆகவே உரிமையாளர் இல்லாத சாதாரண விண்டோவாகப் பெட்டி திறக்கும். டாப்மோஸ்ட் லோகோவும் நடுத்திரையில், பெட்டியும் நடுத்திரையில். லோகோ பெரியது. முழுசாக மறைந்துவிடும்.

உரிமையாளர் இருக்கும் விண்டோ எப்போதும் அந்த உரிமையாளருக்கு மேலேதான் நிற்கும் என்பது விண்டோஸ் விதி. சரி, லோகோவையே உரிமையாளராக்கிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். உரிமையாளர் விண்டோ அழிந்தால் அதைச் சேர்ந்தவையும் கூடவே அழியும். லோகோ மூடும்போது யாரும் படிக்காத பிழைச் செய்தியும் சேர்ந்து போய்விடும். ஆகவே சுத்தமான வழி: எந்தப் பெட்டி காட்ட வேண்டியிருந்தாலும் முதலில் லோகோவை எடுத்துவிடுங்கள், அப்புறம் கேள்வி கேளுங்கள்.

இப்போதே இப்படி மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு: லோகோ மட்டும் வெகுநேரம் நின்றால் ஆல்ட் டேப் அழுத்தி அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, எம் எழுத்தைத் தட்டி, அம்புக்குறியால் நகர்த்தினால் லோகோவுக்கு அடியிலிருந்து வெளியே வரும். படிக்காமல் என்டர் தட்டாதீர்கள். சில பெட்டிகள் டேட்டாவைச் சரிசெய்யட்டுமா என்றும் கேட்கும்.

திருநகர் ஆசிரியர்:

எனக்குப் பார்வை குறைவு. திரையைப் பெரிதாக்கிக் காட்ட விண்டோஸில் உள்ள மேக்னிஃபையரை மூன்று மடங்கில் வைத்துத்தான் வேலை செய்கிறேன். 1366-க்கு 768 திரையில் மூன்று மடங்கு என்றால் ஒரு நேரத்தில் எனக்குத் தெரிவது சுமார் 455-க்கு 256 பிக்சல் பரப்பு மட்டும். 600-க்கு 400 அளவில் ஒரு லோகோ வந்தால், அந்த இடத்தில் அது என் மொத்தப் பார்வையையும் அடைத்துவிடும். அதன் ஓரம் எங்கே இருக்கிறது என்று மவுஸை நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டும். சாதாரண விண்டோ என்றால் ஆல்ட் டேப் போட்டால் போதும், பழைய வேலைக்குத் திரும்பிவிடுவேன். டாப்மோஸ்ட் என்றால் ஆல்ட் டேப் போட்டாலும் கண்முன்னால் அதே படம்.

லோகோவில் உள்ள எழுத்தைப் படமாக வரைந்து வைத்துவிடுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். என்விடிஏ போன்ற திரை வாசிப்பானை நம்பி வேலை செய்யும் என் நண்பருக்கு அது வெறும் மௌனம். புரோகிராம் திறக்கிறதா, செத்துவிட்டதா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கீழே ஓடும் வரியையாவது உண்மையான எழுத்தாக வையுங்கள் தம்பி.

லினக்ஸ் ஆள், பழங்காநத்தம்:

எங்கள் பக்க நிலவரம். விண்டோக்கள் உருவாக்க உதவும் க்யூடி நூலகத்தில் ஸ்பிளாஷ் ஸ்கிரீனுக்கென்றே ஒரு கிளாஸ் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும் என்றால் நிரலாளரே அதற்கான குறியை (ஃபிளாக்) நிரலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நிற்காது. அதோடு, அந்த லோகோவின்மேல் ஒரு கிளிக் செய்தால் மறைந்துவிடும். இயல்பாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் வேலண்ட் அமைப்பில் இன்னும் தெளிவு. சாதாரண ஆப் எதுவும் 'என்னை எப்போதும் மேலே வை' என்று கேட்பதற்கு அதன் வழக்கமான விண்டோ நெறிமுறையில் வழியே வைக்கவில்லை. மேலே வைக்க வேண்டுமா என்பதை விண்டோவின் மெனுவில் பயனர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

லோகோவே வேண்டாம் என்பவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. ஜிம்ப், லிப்ரே ஆபீஸ், எக்லிப்ஸ் மூன்றிலும் லோகோ இல்லாமல் திறக்கக் கட்டளை வரியில் வழி உண்டு. ஷார்ட்கட்டில் ஒரு தடவை சேர்த்துவிட்டால் போதும்.

மேலமாசி வீதி டிடிபி:

நான் கேட்பதும் அதைத்தான். மேலே வைக்க வேண்டியதை நான் வைத்துக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற துணை மென்பொருளைப் போட்டு, விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தி வாட்ஸ்அப் மேட்டரை மேலே நிறுத்திவிட்டு, பக்கத்தில் பத்திரிகை அடிக்கிறேன். பார்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்க்கிறார். எவ்வளவு உபயோகம்! டாப்மோஸ்டில் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அதை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

ஒத்தக்கடை சர்வீஸ்:

பூச்சந்தை அண்ணன் சொன்ன மாதிரி பிழைப் பெட்டி ஒளிந்துகொள்வது பெரிய ஆபத்து, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே பிரதி ஓடுவதற்கு வழி இருக்கிறது என்றால் டாப்மோஸ்ட் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆனால் இரண்டு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஒன்று, டோக்கன் எண் காட்டும் திரை, வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்த விலைத் திரை மாதிரி ஒரே வேலைக்கென்று வைத்த கணினியில் மேலேயே நிற்பதுதான் சரி. அங்கே வேறு விண்டோ வந்து மறைத்தால்தான் தப்பு. இரண்டு, லோகோ முடிந்து முதல் திரை வரும்போது அது வேறு விண்டோவுக்குப் பின்னால் போய்த் திறக்கக் கூடாது. டாப்மோஸ்ட் இல்லாமல் அதை எப்படிச் செய்வீர்கள்?

வடபழஞ்சி நிரலாளர்:

முதல் விஷயத்தில் எனக்கும் அதே கருத்துதான். இரண்டாவதற்குப் பதில்: லோகோ டாப்மோஸ்டாக இருப்பதால் முதல் திரைக்கு முன்னுரிமை கிடைத்துவிடாது. இரண்டும் தனித்தனி விண்டோ. பல புரோகிராம்களில் முதல் திரை பின்னால் போவதற்குக் காரணம் வரிசை. லோகோவை முதலில் மூடிவிடுகிறார்கள். அந்த நொடியில் அந்தப் புரோகிராமுக்குத் திரையில் விண்டோவே இல்லை, ஆகவே விண்டோஸ் வேறு புரோகிராமை முன்னால் கொண்டுவருகிறது. முதல் திரையைக் காட்டி, அதைச் செயலுக்குக் கொண்டுவந்த பிறகு லோகோவை மூடினால் இது நடக்காது.

இடையில் ஆள் வேறு புரோகிராமில் தட்டச்சு செய்யப் போய்விட்டால் கதை வேறு. விண்டோஸ் 98, 2000 காலத்திலிருந்தே பின்னால் இருக்கும் புரோகிராம் தானாக முன்னால் குதிப்பதைச் சிஸ்டம் தடுக்கிறது. டாஸ்க்பாரில் பட்டன் மின்னும், அவ்வளவுதான். அதுதான் நியாயமும். அவர் வேறு வேலையில் இருக்கிறார், தயாராகிவிட்டேன் என்று சொன்னால் போதும், அவரே வருவார். அதற்கு லோகோவுக்கு டாஸ்க்பாரில் இடம் இருக்க வேண்டும். பலர் அதையும் எடுத்துவிடுகிறார்கள்.

பில்லிங் தம்பி, அண்ணாநகர்:

எல்லோருக்கும் நன்றி. கூட்டாளியும் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தான். பூச்சந்தை அண்ணனின் பதிவுக்குப் பிறகு அவனே டாப்மோஸ்ட் வேண்டாம் என்றுவிட்டான். முடிவு செய்திருப்பது இதுதான்.

லோகோ சாதாரண விண்டோவாக இருக்கும், டாஸ்க்பாரில் தெரியும், சுருக்கலாம், நகர்த்தலாம். அளவையும் பாதியாகக் குறைக்கிறோம். இரண்டாவது தடவை தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் பிரதியே முன்னால் வரும். எந்தக் கேள்வி கேட்டாலும் லோகோ முதலில் மறையும். ஓடும் வரி உண்மையான எழுத்து.

இன்னொன்றும் பேசினோம். தராசும் பிரிண்டரும் இருக்கிறதா என்று திறக்கும்போதே ஏன் பார்க்க வேண்டும்? டேட்டாபேஸ் இணைந்ததும் பில் திரையைத் திறந்துவிட்டு, மற்ற இரண்டையும் பின்னணியில் பார்க்கலாம். அதிக நேரம் பிடிப்பது அந்த இரண்டும்தான். அப்படிச் செய்தால் பழைய கணினியிலும் லோகோவுக்கு அதிக வேலை இருக்காது.

மாட்டுத்தாவணி பூச்சந்தைக் கணக்கு:

அதைச் செய்யுங்கள் தம்பி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். தராசு கிடைக்காவிட்டாலும் எடையைக் கையால் அடித்து பில் போட வழி இருக்கட்டும். ஆனால் கையால் அடித்த எடை என்று பில்லில் ஒரு குறி கட்டாயம் விழ வேண்டும். பூ கொண்டுவரும் விவசாயி பில்லைப் பார்த்துத்தான் கணக்கு கேட்பார், எது தராசு சொன்னது, எது நாங்கள் எழுதியது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பில்லிங் தம்பி, அண்ணாநகர்:

எடைக்குப் பக்கத்தில் 'கை' என்று அச்சாகும்படி வைக்கிறேன் அண்ணே. அன்றைய மொத்தக் கணக்கிலும் அந்த பில்கள் தனியாக வரும். சோதனைப் பதிப்பு தயாரானதும் உங்கள் கடைக்கே எடுத்துவருகிறேன், வயரை ஓட்டை மாற்றி மாட்டிப் பார்த்துவிடுவோம்.